கேமராவுக்கு அடியில் ஒரு துண்டு

கேமராவைச் சுமக்கத் தெரியாதவன் கேமராக்காரன் இல்லை. படம் எடுக்க யாருக்கு வேண்டுமானாலும் சொல்லிக் கொடுத்துவிடலாம். பொத்தானை அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும், கேசட் ஓடும், அவ்வளவுதான். அந்தச் சனியனைத் தூக்கிக்கொண்டு பஸ் மாறி பஸ் ஏறிப் போய், இறங்கின இடத்தில் கை நடுங்காமல் நிற்பதுதான் வேலை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் காந்திபுரத்தில் ஒரு ஸ்டூடியோவில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். பெரிய கேசட் போட்டு, தோள்மேல் வைத்துப் பிடிக்கிற கேமரா. போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கல்யாணம் எடுக்கப் போகிறவர்களிடம் அதன் கனத்தைச் சொன்னால் விளங்காது. ஓர் ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நாள் முழுக்க நின்று பாருங்கள். ஆட்டுக்குட்டியாவது மெத்தென்று இருக்கும். இதற்கு அடிப்பக்கம் கெட்டி பிளாஸ்டிக். பேட்டரி வேறு செங்கல் மாதிரி.

கேமராவோடு ஒரு பட்டை வந்தது. அதை எப்படி மாட்டுவது என்று புத்தகத்தில் படமும் போட்டிருந்தது. கழுத்தில் பட்டையை மாட்டிக்கொண்டு ஒரு வெள்ளைக்காரன் மலைமேல் நின்று சிரிப்பான். அவன் ஐப்பசி மழையில் காந்திபுரத்தில் பஸ் ஏறினதில்லை. கழுத்தில் மாட்டினால் பின்னங்கழுத்து நரம்பை இழுத்துக்கொள்ளும். ஒரு பக்கத் தோளில் தொங்கவிட்டால் நடக்க நடக்க வழுக்கிக்கொண்டே வரும். அலுமினியப் பெட்டியில் வைத்துக் கையில் தூக்கினால், பெட்டியை பஸ் கூரைமேல் போடச் சொல்லி கண்டக்டர் சண்டைக்கு வருவார். முதுகில் பையாக மாட்டினால் பின்னால் நிற்கிறவன் அதில் சாய்ந்துகொண்டு தூங்குவான். எல்லாவற்றையும் செய்து பார்த்தேன். ஸ்பாஞ்சு வாங்கித் தைத்தேன். வியர்வை குடித்துக் குடித்து அது நாறியது.

ஒரு நாள் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. டாக்டரிடம் போனேன். கனம் தூக்கக் கூடாது என்றார். தூக்காமல் என்ன வேலைக்குப் போவது என்று கேட்டேன். அது அவர் வேலை இல்லை என்கிற மாதிரி பார்த்தார்.

கடைசியில் துண்டுதான் கைகொடுத்தது. கனமான ஈரிழைத் துண்டு, வெள்ளை, ஓரத்தில் கரை போட்டது. நாலாக மடித்து வலது தோளில் போட்டு, அதன்மேல் பட்டையைக் குறுக்காக இடுப்புவரை இறக்கினால், கேமரா விலாவோடு ஒட்டிக்கொண்டு குழந்தை மாதிரி வரும். கனம் கழுத்துக்குப் போகாது. படம் எடுக்கும்போது அதே மடிப்பின்மேல் கேமராவைத் தூக்கி வைத்துக்கொள்ளலாம், வழுக்காது. தூறல் போட்டால் கேமராவுக்குப் போர்த்தலாம். இதற்கு மேல் ஒரு வசதி எனக்குத் தெரிந்து கிடையாது. கழுத்து வலியும் ஒரு மாதத்தில் விட்டுப்போனது.

இதில் என்ன தகராறு வர முடியும் என்று கேட்பீர்கள். எங்கள் பக்கத்தில் வரும். துண்டு தோளில் கிடக்கிறதா, கக்கத்தில் இருக்கிறதா, இடுப்பில் கட்டியிருக்கிறதா என்று பார்த்து ஆளை எடைபோடுகிற ஊர் எங்களுடையது. நிலக்காரர் எதிரே வந்தால் பண்ணையாள் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைக்க வேண்டும். என் அப்பன் பண்ணையாள். பண்ணையத்தை விட்டு மதுக்கரைக்கு வந்து, சிமெண்ட் மூட்டை சுமக்கப் போன பிறகும், டவுன் பஸ்ஸில் வெள்ளை வேட்டியைக் கண்டால் அவர் கை தானாகத் தோளுக்குப் போகும். போகாதே என்று பலமுறை சத்தம் போட்டிருக்கிறேன். அவர் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது.

அப்படி இருக்கும்போதுதான் ஆடி மாதம் அந்தியூர் குதிரைச் சந்தைக்குப் போக வேண்டி வந்தது. கோயம்புத்தூரில் மோட்டார் பம்பு பட்டறை வைத்திருந்த ஒருவர் ஸ்டூடியோவுக்கு வந்தார். ஊரில் அவருடைய அப்பா குட்டியிலிருந்து வளர்த்த ஒரு வெள்ளைப் பெண் குதிரையை விற்கப் போகிறார்கள். பெரியவருக்கு வயதாகிவிட்டது, பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. வாங்குகிறவர் கர்நாடகப் பக்கம். அன்றைக்கே லாரியில் ஏற்றிவிடுவார். ஏற்றுவதற்கு முன்னால் பெரியவர் குதிரையோடு நடக்கிற மாதிரி ஒரு கேசட் எடுத்துத் தர வேண்டும் என்றார். "அப்பா அதப் பாத்துட்டாவது இருப்பாருங்க. நீங்கதான் நல்லா எடுத்துக் குடுக்கோணுமுங்க" என்று என்னிடம் இரண்டு தடவை சொன்னார்.

கோபி வரை ஒரு பஸ், அங்கிருந்து அந்தியூருக்கு இன்னொன்று. இரண்டிலும் நின்றுகொண்டே போனேன். துண்டு இருந்ததால் இறங்கும்போதும் தோள் தோளாகவே இருந்தது. சந்தைக்குள் நுழைந்தால் எங்கே பார்த்தாலும் குதிரை, மாடு, சாணி, கயிற்றுக் கடை, சலங்கைக் கடை. வந்திருந்த ஆம்பிளைகள் பாதிப் பேர் தோளிலும் வெள்ளைத் துண்டு. என் தோளிலும் ஒன்று. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பெரியவர் ஒரு புளியமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைக் குதிரை பக்கத்தில் நின்றது. என்னைப் பார்த்ததும் அவர் எழுந்து நின்று கையைக் கூப்பினார். "வாங்க தம்பி, உக்காருங்க. பஸ்ஸுல வந்தீங்களாக்கு? கேமராவ எறக்கி வெய்யுங்க, தோளு நோவுமுங்க" என்றார். கட்டிலில் தனக்குப் பக்கத்திலேயே இடம் கொடுத்தார். டீ வந்தது. அவர் குடித்த மாதிரி கிளாஸில்தான் எனக்கும் கொடுத்தார்கள். குதிரையைப் பற்றிச் சொன்னார். பேர் சொல்லிக் கூப்பிட்டால் தோட்டத்தின் அந்தக் கோடியிலிருந்து ஓடிவருமாம். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார்.

டீ பாதி குடிக்கையில் கேட்டார். "தம்பி என்ன கூட்டமுங்க?"

கூட்டம் என்பது அவரைப் போன்ற நிலக்காரர்கள் சாதிக்குள் குலத்துக்குப் பெயர். முன்பின் தெரியாத இரண்டு பேர் பங்காளியா மாமன் மச்சானா என்று தெரிந்துகொள்ள அப்படிக் கேட்பார்கள். என் துண்டையும் என் பேச்சையும் பார்த்து அவர் என்னைத் தன் சாதிக்காரன் என்றே முடிவு கட்டியிருந்தார். அவர் தப்பு அது. நான் ஒன்றும் சொல்லி ஏமாற்றவில்லை.

"நீங்க நெனைக்கற ஆளு நான் இல்லீங்கய்யா. எங்கப்பன் அத்தாணிப் பக்கம் ஒரு தோட்டத்துல பண்ணையாளா இருந்தாருங்க."

"ஓ" என்றார். குதிரையைப் பார்த்தார். கட்டிலில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். பிறகு, "செரி. டீ குடிச்சுட்டியா?" என்றார்.

கொங்கு நாட்டுக்காரனுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பேச்சில் ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் ஒரு 'ங்க' இருக்கும். வெளியூர்க்காரர்கள் கேட்டு மயங்கி, எவ்வளவு மரியாதை என்பார்கள். அந்த 'ங்க' யாருக்குக் கிடைக்கும், எந்த நிமிஷத்தில் நின்றுபோகும் என்பதை எங்களைக் கேட்டால் சொல்லுவோம். அன்றைக்கு எனக்கு ஒரு டீயின் பாதியில் நின்றுபோனது.

குதிரையை நடத்துகிற நேரம் வந்தது. நான் எழுந்து பட்டையைச் சரிசெய்தேன். பெரியவர் என் தோளைப் பார்த்தார்.

"அந்தத் துண்ட எடுத்து இடுப்புல கட்டிக்க."

கோபமாகச் சொல்லவில்லை. வெயிலில் நிற்காதே என்று சொல்வதுபோலச் சொன்னார்.

"கேமராவுக்குப் போட்டதுங்க. இது இல்லீன்னா தோள்ல நிக்காதுங்க" என்றேன்.

அவர் யோசித்தார். கூட வந்திருந்த பையனைக் கூப்பிட்டு, கொள்ளு கொண்டுவந்த சாக்கை எடுத்துவரச் சொன்னார். சாக்கைத் தன் கையாலேயே உதறி, நாலாக மடித்து என்னிடம் நீட்டினார். "இத வெச்சுக்க. துண்டவிட மெத்துனு இருக்கும்."

உண்மைதான். அந்தச் சாக்கு துண்டைவிட மெத்தென்றுதான் இருந்தது. வழுக்கியும் இருக்காது. கனம் சுமக்க எது தோது என்று மட்டும் பார்த்தால் நான் அதை வாங்கியிருக்க வேண்டும். என் தோள் நோகக் கூடாது என்பதில் அவருக்கும் அக்கறைதான். அங்கே துண்டு கிடக்கக் கூடாது, அவ்வளவுதான் அவர் கணக்கு. சாக்குக்கும் துண்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று எங்கள் இரண்டு பேருக்கும் நன்றாகத் தெரியும்.

"சாக்கு வேண்டாமுங்க" என்றேன்.

பக்கத்தில் நின்ற பட்டறைக்காரர் என்னைத் தனியாக அக்கட்டால இழுத்துப்போனார். "ஏப்பா, ஒரு மணி நேரந்தான. வெச்சுக்கயேன். அப்பா பழைய ஆளு." ஸ்டூடியோவில் எனக்கு வாங்க போங்க போட்டவர். அவருக்கும் சுருதி இறங்கியிருந்தது.

"அவரு பழைய ஆளுங்க. துண்டு புதுசுங்க" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்து அடக்கிக்கொண்டார்.

நான் பெரியவரிடமே திரும்பிப் போனேன். உள்ளுக்குள் பயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். சந்தையில் எனக்குத் தெரிந்தவர் ஒருவர்கூடக் கிடையாது. ஓர் அடி விழுந்தாலும் கேட்க நாதி இல்லை. கேமரா வேறு ஸ்டூடியோவுடையது. ஆனாலும் அந்த மடித்த சாக்கைப் பார்க்கப் பார்க்க எனக்கு உடம்பு எரிந்தது. "அய்யா, துண்டு இருந்தா கேமரா இருக்குமுங்க. துண்டு எறங்குனா கேமராவும் எறங்கிருமுங்க. எடுக்கறதுன்னா எடுக்கறேன், வேண்டாம்னா இப்பவே பஸ் ஏறிப்போட்டுப் போறேனுங்க."

என் 'ங்க'வில் ஒன்றைக்கூட நான் குறைக்கவில்லை. பண்ணையாள் நிலக்காரரைக் கூப்பிடுகிற மாதிரி சாமி என்றும் சொல்லவில்லை.

லாரி வந்து நின்றிருந்தது. வாங்கினவர் பின்கதவைத் திறந்து பலகை சாய்த்துக்கொண்டிருந்தார். வேறு கேமரா அந்தச் சந்தையில் கிடையாது. பெரியவர் லாரியைப் பார்த்தார், குதிரையைப் பார்த்தார், என் தோளைப் பார்த்தார். பிறகு மகனிடம், "எடுக்கச் சொல்லு" என்றார். சொல்லிவிட்டு எனக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.

முதலில் எனக்குப் புரியவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு குதிரையோடு நடந்தார். நான் முகத்தை எடுக்க முன்பக்கம் போனேன். அவர் திரும்பினார், குதிரையும் திரும்பியது. நான் அந்தப் பக்கம் போனேன், அவர் இந்தப் பக்கம் திரும்பினார். அவர் கண்ணில் என் துண்டு படக் கூடாது. நானும் விடவில்லை. அவரைச் சுற்றி நான், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவர், நடுவில் ஒன்றும் விளங்காமல் குதிரை. கயிற்றுக் கடைக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, "ஏனுங்க, குதிரையச் செக்குல பூட்டறதுக்குப் பழக்கறீங்களாக்கு?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பெரியவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

லாரியில் ஏற்றுகிறபோது குதிரை பலகையில் கால் வைக்க மறுத்தது. அவர் அதன் கழுத்துக்கு அந்தப் பக்கம் போய், முகத்தைப் பிடரியில் வைத்து ஏதோ பேசினார். அதன் பிறகு ஏறியது. அவர் பேசினதையும் நான் எடுத்தேன். கேசட்டில் தெரிவது குதிரையின் கழுத்தும், அதன்மேல் கிடந்த ஒரு கிழட்டுக் கையும்தான்.

ஸ்டூடியோவில் போட்டுப் பார்த்தபோது முதலாளி தலையில் கைவைத்தார். குதிரை மூக்கு, குதிரை வால், குதிரை குளம்பு எல்லாம் பளிச்சென்று இருக்கிறது, பெரியவர் முகம் மட்டும் எங்கே என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். கேசட்டை வெளியே எடுத்துவிட்டு, இனி அந்தப் பக்கத்து வேலைக்கு வேறு ஆளை அனுப்பிக்கொள்கிறேன் என்றார். அனுப்புங்கள் என்றேன். அவர் எதிர்பார்த்தது மன்னிப்பு. என்னிடம் அது இல்லை.

சில நாள் கழித்துப் பட்டறைக்காரர் வந்தார். கேசட்டை முதலில் இருந்து கடைசிவரை உட்கார்ந்து பார்த்தார். ஓட்டி ஓட்டி இன்னொரு தடவை பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார். மரியாதை திரும்ப வந்திருந்தது.

"எங்கியாவது ஒரு எடத்துல அப்பா மொகம் உளுந்திருக்குதுங்களா? குதிரை போனதுல இருந்து சரியா சாப்படறதில்லீங்க. இதையாவது பாக்கட்டும்னு..."

"இல்லீங்க. அவரு காட்டலீங்க."

அவர் டிவியைப் பார்த்தபடியே இருந்தார். திரையில் ஒரு வெள்ளை வேட்டியின் முதுகு, ஒரு வெள்ளைக் குதிரை. எனக்குப் பாவமாக இருந்ததா என்று கேட்டால், குதிரையை நினைத்து இருந்தது.

"ஒரு துண்டுதானுங்களே" என்றார் கடைசியில்.

"ஆமாங்க" என்றேன். "ஒரு துண்டுதானுங்க. அவரு பொறுத்திருக்கலாமுல்லீங்க?"