வளவனூர் அம்மணியும் சாத்தின கதவும்

அம்மணியை நான் முதலில் பார்த்தது 1938ஆம் வருஷம் ஆடி மாதத்தில். திண்டிவனம் தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்து எனக்கு ஏழு மாதம் ஆகியிருந்தது. கோலியனூர்ச் சேரியில் பி.ஏ. பாஸ் செய்தவன் அன்றைக்கு நான் ஒருவன்தான். இதைச் சொல்லாமல் விட்டால் அடக்கம் என்று யாரும் பாராட்டப்போவதில்லை, ஆகவே சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை ஆபீஸ் முடிந்ததும் ரயிலேறி, விழுப்புரத்தில் இறங்கி, பொழுது சாயும்போது நடந்து வீடு சேருவது என் வழக்கம். அந்தச் சனிக்கிழமை ஆபீஸ் விடுமுறை. பகல் பன்னிரண்டுக்கே வந்துவிட்டேன்.

எங்கள் வீட்டுக் கதவு சாத்தி, உள்ளே தாழ் போட்டிருந்தது.

எங்கள் தெருவில் பகலில் யாரும் கதவைச் சாத்துவதில்லை. சாத்திக் காப்பாற்றும்படி உள்ளே ஒன்றும் இருப்பதில்லை. தட்டினேன். உள்ளே கேட்டுக்கொண்டிருந்த பேச்சு நின்றது.

"யாரு?" என்றாள் அம்மா.

"நான்தாம்மா."

கதவு உடனே திறக்கவில்லை. திறந்தபோது நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருத்தி வெளியே வந்தாள். இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தாள். நல்லெண்ணெய் வாசனையும் வறுத்த தவிட்டு வாசனையும் அவளோடு வந்தன. என்னை ஏறெடுத்துப் பார்க்காமல், "வர்றேன் பூமாலை" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, வேலியோரமாக வேகமாக நடந்து போனாள்.

"சரிங்கம்மா" என்றாள் அம்மா.

யார் என்று கேட்டேன். வளவனூர் அம்மணி அம்மா, முட்டிக்குப் பிடித்துவிட வந்தாங்க என்றாள். செவ்வாயும் சனியும் வருவாங்க, கூலி வாங்கமாட்டாங்க என்றாள்.

அம்மாவின் முட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பது வருஷம் சேற்றில் நின்று நாற்று நட்டவள். இரண்டு முழங்காலும் வீங்கி, காலையில் எழுந்தால் வெயில் ஏறும்வரை கட்டையாகக் கிடக்கும். ஆஸ்பத்திரியில் வாதம் என்று சொல்லித் தடவ மருந்து கொடுத்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்குள் இடுப்பால் நகர்ந்துதான் போவாள். இதையெல்லாம் விட அவளை அரித்தது வேறொன்று. மாதா கோயிலில் பூசை நடக்கும்போது ஊரே முழந்தாளிடும். அவள் மட்டும் சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருப்பாள். "எல்லாரும் முட்டி போடுறாங்க. நான் மட்டும் சாமிக்கு நேரா காலை நீட்டிக்கினு கீறேன். சாவறதுக்குள்ள ஒரு தபா முட்டி போட்டுடணும், ராயா" என்பாள். சவுரிராயன் என்ற என் பெயரை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

ஆகவே பிடித்துவிட ஒருத்தி வருகிறாள் என்றால் நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்குச் சந்தேகம்தான் வந்தது. அம்மணி பேறு பார்க்கிற குடும்பத்துப் பெண். வளவனூரில் பெரிய வீட்டுப் பெண்களுக்கெல்லாம் கை கால் பிடித்துவிடுகிறவள். சவரம் செய்கிற அவள் வீட்டு ஆண்கள் எங்கள் தெரு ஆள் தலையில் கத்தி வைக்கமாட்டார்கள். அப்படிப்பட்டவள் செவ்வாயும் சனியும் தவறாமல் சேரிக்கு நடந்து வந்து, எங்கள் பாயில் உட்கார்ந்து, கூலி வாங்காமல் போகிறாள். எதற்கு?

அடுத்த மாதம் வேண்டுமென்றே முந்தின ரயிலில் வந்து, வீட்டுப் பின்சுவர் ஓரமாக நின்றேன். உள்ளே அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். "அடிப் போடி, நீயும் உன் வளவனூர் கதையும்" என்றாள்.

வெளியே 'சரிங்கம்மா' என்று குனிகிறவள், உள்ளே 'போடி' என்கிறாள். என் அம்மா அப்படிப்பட்டவள் அல்ல. எண்ணெயில் அபின் கலந்து தேய்க்கிறாள், அதுதான் நாக்கு இப்படித் தளர்ந்திருக்கிறது என்று முடிவு செய்தேன். இத்தனைக்கும் அம்மா அப்போது சுவரைப் பிடித்து எழுந்து, கிணற்றடி வரை நடக்க ஆரம்பித்திருந்தாள். அதுவும் என் சந்தேகத்தைத்தான் வளர்த்தது. ஆஸ்பத்திரி மருந்துக்குக் கேட்காத முட்டி இவளுக்கு மட்டும் எப்படிக் கேட்கிறது?

அம்மணி எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்த எண்ணெயில் கொஞ்சம் ஒரு மருந்துப் புட்டியில் ஊற்றி, திண்டிவனத்தில் எனக்குப் பழக்கமான மாசிலாமணி என்ற கம்பவுண்டரிடம் கொண்டுபோனேன். முகர்ந்தார், நாக்கில் வைத்தார், திரியில் நனைத்து எரித்தும் பார்த்தார்.

"நல்லெண்ணெய் சார். நொச்சி போட்டுக் காய்ச்சிக் கீது."

"அபின் இல்லையா?"

"அபின் இருந்தா உங்கம்மா ஏன் சிரிக்கிறாங்க? தூங்கிக்கினு இல்ல இருப்பாங்க." புட்டியை என்னிடம் நீட்டினார். "ஆனா ஒண்ணு சார். எண்ணெயில இல்லன்னா வேற எங்கியோ கீது. சும்மா எவ வருவா அவ்ளோ தூரம்?"

அந்தக் கடைசிப் பேச்சு மண்டையில் உட்கார்ந்துகொண்டது. அடுத்த செவ்வாய்க்கிழமை லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ரயிலேறினேன். முன்கதவைத் தட்டவில்லை. பின்பக்கத்துப் படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

அம்மா பாயில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். முட்டிமேல் சூடான தவிட்டு மூட்டை. எதிரில் அம்மணி கைகளை நீட்டியபடி உட்கார்ந்திருந்தாள். அம்மா குனிந்து, அந்தக் கையில் ஒன்றை மடியில் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தாள்.

நான் கையைப் பார்க்கவில்லை. அம்மா குனிந்திருந்ததைத்தான் பார்த்தேன். கூலி வேண்டாம் என்றதன் அர்த்தம் இப்போது புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"எங்கம்மா ஊராருக்குக் கை கால் அமுக்கின காலம் முடிஞ்சுபோச்சு. அவ புள்ள பி.ஏ. படிச்சவன். நீங்க எழுந்து போங்க" என்றேன்.

அம்மணி கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். அம்மாவைப் பார்த்து, "சொல்லிட்டியா?" என்றாள். அம்மா இல்லை என்று தலையாட்டினாள். அவள் எழுந்து போய்விட்டாள். அந்த 'சொல்லிட்டியா' என்னை இன்னும் குடைந்தது. எதைச் சொல்லக்கூடாது என்று இவர்கள் பேசி வைத்திருந்தார்கள்?

அம்மா என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். பிடித்துவிடுவதில் என்ன பெரிய வித்தை என்று நானே எண்ணெயைக் காய்ச்சி, வீங்கின முட்டியின் மேலேயே வைத்து அழுத்தினேன். "வுடுறா. களியா கிண்டுற?" என்று காலை இழுத்துக்கொண்டாள். மறுநாள் வீக்கம் இரட்டிப்பானது. நாலாவது வாரம் பழையபடி இடுப்பால் நகர்ந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவளால் பூசைக்கே போக முடியவில்லை. கோயில் மணி அடித்து ஓய்ந்தபிறகு, தானாகவே வாயைத் திறந்தாள்.

"அன்னிக்கு வந்தியே, இன்னாத்தப் பார்த்த?"

"உன்னைக் கை அமுக்க வெச்சிருந்தா."

"அவ கையப் பார்த்தியா?"

"இல்லம்மா."

"அவ வெரலு பத்தும் முடங்கிப்போச்சு, ராயா. என் முட்டி மாரியே. காலையில அவளால கொண்டை முடிய முடியாது. புடிச்சுவுடறவளுக்கே கை முடங்கிப்போச்சுன்னு தெரிஞ்சா எவ கூப்புடுவா? அதான் துணியைப் போத்தி, அதுக்குள்ள முழங்கையால புடிக்கிறா. வீங்கின எடத்தத் தொடமாட்டா. தொடையில ஆரம்பிச்சு, கீழ ஆடுசதை வரைக்கும் உருட்டுவா. அப்புறம் முட்டிய இம்மாத்தூண்டு மடக்கி மடக்கி எடுப்பா. ஊர்ல ஒருத்தியும் கண்டுக்கினதில்ல. நான் கண்டுக்கினேன்."

நடக்க முடியாமல் போனதிலிருந்து அம்மா, வளவனூரில் ஒரு பண்ணை வீட்டுக்கு விதைக்காக மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரிக்க வண்டியில் போய் வந்துகொண்டிருந்தாள். உட்கார்ந்து செய்கிற வேலை. அந்த வீட்டு அம்மாளுக்குப் பிடித்துவிட வந்த அம்மணி, அம்மா கட்டைவிரலால் தோட்டை உடைப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

"என் கட்டவெரலு ரெண்டையும் மாத்தி மாத்தித் தொட்டுப் பார்த்தா. 'நான் உன் முட்டியப் புடிக்கிறேன், நீ என் கையப் புடி'ன்னா. அவங்க தெருவுல ஒருத்திகிட்டக் கேட்டா ஊரே பேசும். நம்ம தெருன்னா எவனும் எட்டிப் பார்க்கமாட்டான்னுதான் இங்க வந்தா." அம்மா என்னைப் பார்த்தாள். "நீதான் எட்டிப் பார்த்த."

மறுநாளே ஆபீசுக்குப் போகாமல் வளவனூருக்கு நடந்தேன். அம்மணியின் வீட்டு வாசலில் அக்கம்பக்கத்தார் நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். என்னைக் கண்டதும் அவள், "யாருப்பா நீ, இன்னா வேணும்?" என்று முன்பின் பார்க்காதவள்போல் சத்தமாகக் கேட்டாள்.

"தாலுகா ஆபீசிலேர்ந்து வர்றேன்" என்று நானும் சத்தமாகச் சொல்லி, சட்டைப்பையிலிருந்த ஏதோ ஒரு காகிதத்தை நீட்டினேன். தாலுகா ஆபீஸ் என்ற சொல்லுக்கு அக்கம்பக்கம் கலைந்து போயிற்று. அவள் காகிதத்தை இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் வாங்கினாள். அப்போதுதான் அந்த விரல்களைப் பார்த்தேன். பத்தும் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்து, கணுக்கணுவாகப் புளியங்கொட்டை அளவு புடைத்திருந்தன.

"யார்கிட்டச் சொன்ன?" என்றாள் மெதுவாக.

"யார்கிட்டயும் சொல்லல."

"திண்டிவனத்துல?"

"எண்ணெயை மட்டும் ஒரு கம்பவுண்டர்கிட்டக் காட்டினேன்."

"எண்ணெயக் காட்டினவன் கையச் சொல்லமாட்டியா?"

அம்மா திரும்பவும் தரையில் நகர்கிறாள் என்பதை மட்டும் சொன்னேன். அவள் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

"செவ்வாக்கெழம வரமாட்டேன். சனிக்கெழம வர்றேன், நீ இருக்கிற நாளு. கதவ நாங்க சாத்திக்குவோம். நீ வெளிய நில்லு. எவனாவது வந்தா இருமு."

என்னை நம்பி அவள் அந்த நாளைத் தேர்ந்தெடுக்கவில்லை. நான் கண்ணெதிரில் இருக்க வேண்டும் என்றுதான் தேர்ந்தெடுத்தாள். அவள் வரும் நேரத்துக்கு வந்து சேர மேலதிகாரியிடம் கெஞ்சி அனுமதி வாங்கினேன். எட்டு வருஷம் சனிக்கிழமைகளில் என் வீட்டு வாசலில் பூவரச மரத்தடியில் நின்று இருமியிருக்கிறேன். தெருவில் எனக்குக் காசநோய் என்றுகூடப் பேசிக்கொண்டார்கள்.

அவளுக்குச் சந்தேகம் எளிதில் தீரவில்லை. ஒருமுறை போகிறபோக்கில், தன் மகளுக்குக் கடலூரில் சம்பந்தம் பேசியிருப்பதாகவும் யாருக்கும் சொல்லக்கூடாது என்றும் என்னிடம் சொன்னாள். இரண்டு மாதம் கழித்து, "நீ வாயத் தொறக்கல போலக் கீதே" என்றாள். சம்பந்தமும் கிடையாது, அவளுக்கு மகளும் கிடையாது என்று அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அம்மாவின் வாதம் போய்விட்டது என்று எழுதினால் பொய். காலையில் இன்றைக்கும் முட்டி கட்டையாகத்தான் இருக்கும். மழையால் இரண்டு சனிக்கிழமை தவறினால் பழைய வலி வந்து நிற்கும். ஆனால் நடந்தாள். 1940ஆம் வருஷம் ஈஸ்டர் பூசையில், முன்னால் இருந்தவளின் தோளைப் பிடித்துக்கொண்டு முழந்தாளிட்டாள். வலது முட்டி மட்டும்தான் தரையைத் தொட்டது, இடது மடங்கவில்லை. "ஒண்ணு போட்டுட்டேன்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். அடுத்த சனிக்கிழமை அம்மணி வந்தபோது அவளிடமும் அதையே சொன்னாள். அம்மணி கதவைச் சாத்தும்படி எனக்குச் சைகை காட்டினாள்.

1946இல் அம்மணியின் முழங்கைகளும் பிடித்துக்கொண்டன. அதற்குமேல் மறைக்க முடியாமல், வளவனூரில் அவளே வாய்விட்டுச் சொல்லித் தொழிலை விட்டாள். இதை எழுதட்டுமா என்று போன மாதம் கேட்டபோது, "எழுதிக்கோ. இனிமே எவ கூப்புடப்போறா" என்றாள். பிறகு, "எழுதி முடிச்சதும் எனக்குப் படிச்சுக் காட்டு. இன்னா எழுதினன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். படித்துக் காட்டினேன். களி கிண்டின இடத்தில் மட்டும் சிரித்தாள்.

இப்போது அவள் வளவனூரில் தம்பி வீட்டில் இருக்கிறாள். சனிக்கிழமைகளில் மாட்டுவண்டியில் கோலியனூர் வருகிறாள். இப்போது பிடித்துவிடுகிறவள் அம்மா மட்டும்தான். கதவை இன்னும் சாத்திக்கொள்கிறார்கள்.