திருப்பிச் சொல்லச் சொன்ன டாக்டரம்மா

திண்டுக்கல் பேகம்பூர் சந்தில் டாக்டரம்மாவின் கால்நடை ஆஸ்பத்திரி ஷட்டர் இறங்கியிருந்தது. அதில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. எழுத்தைக் கண்டால் நான் இப்போதெல்லாம் விடுவதில்லை. கடைப் பலகை, பஸ்ஸின் நெற்றி, தீப்பெட்டி, எதுவானாலும் நின்று படித்துவிட்டுத்தான் நகர்வேன். எழுபத்து மூன்று வயதில் எனக்குக் கிடைத்த சந்தோஷம் அது. அன்றும் நாயின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு சந்தோஷமாகத்தான் படிக்கத் தொடங்கினேன். ‘டாக்டர் ஜெய்புன்னிசா அவர்கள்’ என்பது வரை பழகிய எழுத்து. ‘வெள்ளிக்கிழமை’ நீளமான சொல், அதையும் பிடித்துவிட்டேன். அடுத்த சொல்லில் என் வாய் நின்றுவிட்டது. ‘இறந்து’ என்று இருந்தது. மீதி எழுத்துகளைப் படிக்காமல் விட்டால் அது நடக்காமல் போய்விடும் என்பதுபோல் அங்கேயே நின்றேன்.

செவலை ஷட்டரை மோந்து பார்த்து வாலை ஆட்டினான். அவன் என் நாய், ஒன்பது வயது. அன்று அவனுக்கு நெஞ்சில் எக்ஸ்ரே எடுக்க டாக்டரம்மா குறித்துக் கொடுத்த நாள். மறைக்காமல் எழுதுகிறேன், முதலில் நான் அவருக்காக அழவில்லை. இனி இவனை யார் பார்ப்பார்கள் என்ற பயம்தான் முதலில் வந்தது. எதிர் டீக்கடையில் விசாரித்தபோது மாரடைப்பு என்றார்கள். ஐம்பத்து நான்கு வயது. அடக்கமும் முடிந்துவிட்டது. அழுகை அங்கே பெஞ்சில் உட்கார்ந்த பிறகு வந்தது.

அவரிடம் கம்பவுண்டராக இருந்த பஷீர் பாய் ஒரு நோட்டு வைத்திருக்கிறார். அம்மாவை அறிந்தவர்கள் ஆளுக்குச் சில பக்கம் எழுதினால், எல்லோரும் படித்த பிறகு அம்மாவின் பிள்ளைகளிடம் கொடுக்கலாம் என்றார். நான் சொல்லச் சொல்லத் தானே எழுதுவதாகவும் சொன்னார். வேண்டாம் பாய், நானே எழுதுகிறேன் என்றேன். ஒன்பது நாளாக எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்த ஆஸ்பத்திரி பெஞ்சில் ஆட்டோடும் நாயோடும் காத்திருந்த உங்களுக்கு, உங்களோடு காத்திருந்த ஒருவன் சொல்வதாக இதை வைத்துக்கொள்ளுங்கள்.

நான் செம்பட்டிப் பக்கம் குதிரை வண்டி ஓட்டியவன். ஆட்டோக்கள் வந்த பிறகும் கல்யாண ஊர்வலத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் என் குதிரை மைனாவைக் கேட்டு வருவார்கள். எட்டு வருடத்துக்கு முன், அவளுக்கு இருபது வயது நடக்கும்போது, தொண்டைக்குக் கீழே இடது பக்கம் கோழிமுட்டை அளவில் ஒரு கட்டி தெரிந்தது. தொட்டால் விரலுக்கு நழுவியது. மூச்சை அடைத்துவிடும், அதற்குள் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சூடு வைத்துவிடு என்றார்கள். சூடு வைப்பவருக்குச் சொல்லியும் அனுப்பிவிட்டேன். அதன் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. கட்டிக்கும் பயம், கம்பிக்கும் பயம். தீவனக் கடைக்காரர்தான் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுக் கொடுத்தார்.

அவர் ஸ்கூட்டரில் வந்து இறங்கியபோது விறகுத் தீயில் கம்பி ஏற்கெனவே காய்ந்துகொண்டிருந்தது. நான் சண்டை வரும் என்று நடுங்கினேன். அவர் சூடு வைப்பவரைப் பார்த்துச் சிரித்தார்.

“கம்பி காயட்டும்ணே. அதுக்குள்ள நான் ஒரு தடவை பாத்துக்கிறேன்.”

ஸ்கேன் பெட்டி ஒரு டிபன் கேரியர் உயரம்தான் இருந்தது. வெயிலில் அதன் திரையில் ஒன்றும் தெரியாது. அதற்காக ஒரு கறுப்புத் துணி கொண்டுவந்திருந்தார். துணியைக் கண்டதும் மைனா மிரண்டு பின்வாங்கினாள். அவர் அவசரப்படவில்லை. துணியைச் சுருட்டி அவள் மூக்கருகே நீட்டினார். அவள் மோந்து முடிக்கும்வரை நின்றார். பிறகு தொண்டை மயிரை மழித்து, பசையைத் தடவி, துணியைத் தன் தலையிலும் பெட்டியின் மீதும் போட்டுக்கொண்டு என்னையும் உள்ளே கூப்பிட்டார். திரையில் மழை பெய்கிற மாதிரி சாம்பல் நிறம் ஆடியது. அவர் பார்ப்பதையெல்லாம் வாய்விட்டுச் சொல்வார். உங்களுக்கும் அது தெரியும்.

“இது மூச்சுக்குழாய். இதுக்கு ரெண்டு பக்கமும் தைராய்டுன்னு ஒரு சுரப்பி இருக்கு. வலது பக்கம் ஒழுங்கா இருக்கு. இடது பக்கம்தான் இந்தக் கட்டி. ஓரத்தைப் பாருங்க, பென்சில்ல வரைஞ்ச மாதிரி. யாரையும் பிடிச்சு இழுக்காம அது பாட்டுக்கு உக்காந்திருக்கு.”

சோதிப்பதற்கு ஊசியில் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துக்கொண்டார், பிறகு அதிலும் கெட்டது ஒன்றும் வரவில்லை. வயதான குதிரைக்கு இப்படி வருவது உண்டு, பெரும்பாலும் ஒன்றும் செய்யாது, மூச்சு வாங்கினாலோ விழுங்கச் சிரமப்பட்டாலோ கூப்பிடுங்கள் என்றார். வண்டிக்கடியில் கிடந்த ஒரு வயதுச் செவலையையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, ஸ்கேன் படத்தின் பின்பக்கம் ஏதோ எழுதிக் கொடுத்தார். சூடு வைக்க வந்தவரும் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்திருந்தார். அவரே போய்க் கம்பியைத் தண்ணீர் வாளியில் முக்கினார். நான் அந்தப் படத்தைக் கண்ணில் ஒற்றி டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். மைனா இன்னும் நான்கு வருடம் இருந்து முதுமையில் செத்தாள். கடைசிவரை கட்டி அதே கோழிமுட்டை அளவில்தான் இருந்தது.

என் தப்பு அங்கிருந்து தொடங்கியது. போன வருடம் செவலைக்கு உண்ணி பொறுக்கும்போது அவன் தொண்டைக்குக் கீழே ஒரு கட்டி கைக்குத் தட்டியது. எலுமிச்சம்பழ அளவு. எனக்குப் பயமே வரவில்லை. இதை நான் பார்த்திருக்கிறேன், ஓரம் ஒழுங்காக இருக்கும், அது பாட்டுக்கு இருக்கும் என்று என் வீட்டுக்காரி பேச்சியம்மாளுக்கு விளக்கம் சொன்னேன். பக்கத்துத் தோப்பில் கேட்டவர்களுக்கும் சொன்னேன். நான்கு மாதம் போனது. செவலை குரைக்கும்போது குரல் கம்மத் தொடங்கியது. கொஞ்சம் இருமினான். பேச்சியம்மாள் சோற்றைப் போட்டுவிட்டுச் சொன்னாள்.

“இவரு பெரிய குதிரை டாக்டரு. நாய்க்குத் தொண்டை கட்டிப்போய்க் கிடக்கு, இவரு வியாக்கியானம் பேசிக்கிட்டு இருக்காரு. நாளைக்கு டவுனுக்குக் கொண்டு போறீகளா, இல்ல நானே கூட்டிப் போகவா?”

திண்டுக்கல்லுக்குப் பூ ஏற்றிப்போகும் ஆட்டோவில் மல்லிகை மூட்டைகளுக்கு நடுவே அவனை உட்கார வைத்துக் கொண்டுபோனேன். உள்ளே நுழையும்போது சிரித்துக்கொண்டே போனேன். மைனாவுக்கு வந்ததேதான் தாயி, இவனுக்கும் வந்திருக்கு என்றேன். டாக்டரம்மா கட்டியைத் தொட்டார். தொட்ட கை அங்கேயே நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“பயப்படுங்கய்யா. இதுக்குப் பயப்படணும்.”

எந்த டாக்டர் வாயிலும் நான் கேட்டிராத சொல் அது. குதிரைக்கு வருவது வேறு, நாய்க்கு வருவது வேறு என்றார். நாயின் தைராய்டில் கைக்குத் தட்டுகிற அளவு கட்டி வந்தால் அது பெரும்பாலும் கெட்ட கட்டியாகத்தான் இருக்கும், பரவும் என்றார். மைனாவுக்கு நான் பயந்ததெல்லாம் தேவையில்லாத பயம். இவனுக்குப் பயப்படாமல் இருந்த நான்கு மாதம்தான் ஆபத்து.

செவலையின் தொண்டையை மழித்து ஸ்கேன் வைத்தார். நான் திரையைப் பார்த்தேன். சாம்பலுக்கு நடுவில் சிவப்பும் நீலமும் மின்னின. ரத்தம் ஓடுவது அப்படித் தெரியும் என்று பிறகு சொன்னார். அந்த நேரத்தில் அவர் ஒன்றுமே சொல்லவில்லை. எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்கிறவர் வாயை மூடிக்கொண்டு ஒரே இடத்தில் மெல்ல மெல்லக் கையை நகர்த்திக்கொண்டிருந்தார். சுவர்க் கடிகாரச் சத்தம் கேட்டது. செவலையின் பின்னங்காலை நான் பிடித்திருந்தேன். கடைசியில் அவர் திரையில் ஒரு விரலை வைத்தார். தலைக்கு ரத்தம் போகிற பெரிய குழாய் இது, கட்டி பக்கத்தில் வந்துவிட்டது, இன்னும் இதைப் பிடிக்கவில்லை என்றார். அதற்குள் எடுத்துவிட வேண்டும்.

பிறகு நெஞ்சுக்கு எக்ஸ்ரே. படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினார். நடுவில் வெள்ளையாக ஒன்று இருந்தது. நான் அதைப் பார்த்துத் தலையில் கை வைத்துவிட்டேன். அது கட்டி இல்லை, அவனுடைய இருதயம் என்றார். இரண்டு பக்கமும் கறுப்பாக இருப்பது காற்று நிறைந்த நுரையீரல், கட்டி பரவியிருந்தால் அந்தக் கறுப்பில் வெள்ளைப் பொட்டுகள் தெரியும். இரண்டு முறை மேலிருந்து கீழே பார்த்தார். பொட்டு இல்லை. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

அதன் பிறகு அவர் கேட்டதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

“மைனா படத்துக்குப் பின்னாடி இதைத்தானே எழுதிக் குடுத்தேன். படிச்சீங்களா?”

வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்த பொய் வாய்வரை வந்தது. கண்ணாடி எடுத்து வரவில்லை என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். அன்று அது வெளியே வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். அவருக்குப் புரிந்துவிட்டது. திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கையிலிருந்த பசையைத் துணியில் வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

“எழுதிக் குடுத்தா என் வேலை முடிஞ்சுதுன்னு நினைச்சுட்டேன். அது என் தப்புங்கய்யா. இப்ப நான் சொல்றதை நீங்க திருப்பிச் சொல்லுங்க.”

வெளியூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எந்த நாள் போக வேண்டும், எந்தப் படங்களைக் கொண்டுபோக வேண்டும், முந்தின இரவிலிருந்து சோறு போடக் கூடாது, எல்லாவற்றையும் சொல்லி என்னைத் திருப்பிச் சொல்ல வைத்தார். இரண்டு முறை தவறினேன். மூன்றாம் முறை சரியாகச் சொன்னேன்.

உங்கள் எல்லோரிடமும் அவர் “திருப்பிச் சொல்லுங்க” என்று கேட்டிருப்பார். படித்தவர்களிடமும் கேட்பார். சிலருக்குக் கோபம் வந்ததை நானே பார்த்திருக்கிறேன். அது எப்படி வந்தது என்று இப்போது தெரிந்துகொள்ளுங்கள். என்னால்தான் வந்தது. பஷீர் பாய் என்னைப் பார்க்கும்போதெல்லாம், உம்மால எங்க அம்மா ஒரு நாளைக்கு நாலு நாய் கம்மியா பாக்குறாங்க என்று அலுத்துக்கொள்வார்.

பெரிய ஆஸ்பத்திரியில் செவலையை மயக்கத்தில் படுக்கவைத்து ஒரு வளையத்துக்குள் அனுப்பிக் கழுத்தை இன்னொரு விதமாகப் படம் எடுத்தார்கள். அறைக்கு வெளியே நின்ற அந்த நேரத்தில் எத்தனை சாமிகளைக் கூப்பிட்டேன் என்று கணக்கில்லை. கட்டியை எடுத்துவிட்டார்கள். சோதித்ததில் கெட்ட கட்டிதான் என்று வந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நெஞ்சைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. திருப்பிச் சொன்னேன்.

அந்த மாதமே எங்கள் ஊர் முதியோர் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். எழுத்துக் கூட்டத் தெரிந்த அன்று டிரங்குப் பெட்டியைத் திறந்து மைனாவின் படத்தை எடுத்தேன். பின்பக்கத்தைத் திருப்பவே பயமாக இருந்தது. மறுநாள்தான் திருப்பினேன். அடுத்த முறை பேகம்பூர் போனபோது அதை டாக்டரம்மா முன்னால் நின்று சத்தமாகப் படித்தேன்.

‘குதிரைக்கு இதை விட்டுவிடலாம். நாய்க்குக் கழுத்தில் கட்டி வந்தால் ஒரு நாளும் விட வேண்டாம். உடனே கொண்டு வரவும்.’

படித்து முடிக்க வெகுநேரம் ஆனது. பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் காத்திருந்தார்கள். டாக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு முகத்தை டாக்டர் மாதிரி வைத்துக்கொண்டு, சரி, திருப்பிச் சொல்லுங்க என்றார். அன்று அந்த ஆஸ்பத்திரியே சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஷட்டரில் அந்தக் காகிதத்தைப் படித்த மறுநாள், செவலையை டவுனில் வேறொரு டாக்டரிடம் கொண்டுபோனேன். இளம்பிள்ளை. பழைய படங்களையெல்லாம் வரிசையாக அடுக்கி உறையில் போட்டுக்கொண்டு போயிருந்தேன். அவர் புதுப் படத்தைக் கம்ப்யூட்டரில் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மௌனம் எனக்குத் தெரிந்த மௌனம்.

“தம்பி, அதைச் சித்த என் பக்கம் திருப்புங்க. டாக்டரம்மா காட்டுவாக.”

திருப்பினார். பழைய படத்தையும் பக்கத்தில் வைத்தார். நான் இருதயத்தைக் கண்டுபிடித்தேன். கறுப்பையும் கண்டுபிடித்தேன். வலது பக்கம், கீழே, ஒரு பொட்டு. முந்தின படத்தில் அது இல்லை. மிளகு அளவுதான். கட்டியாகவும் இருக்கலாம், ரத்தக்குழாய் ஒன்று நம்மைப் பார்த்து நேராக நிற்பதால் பொட்டுபோலத் தெரியவும் செய்யலாம், இப்போது உறுதியாகச் சொல்ல முடியாது, ஆறு வாரம் கழித்து மறுபடி எடுத்தால் வளர்கிறதா என்று தெரிந்துவிடும் என்றார். சொல்லிவிட்டு அடுத்த நாயைக் கூப்பிடப் போனார். நான் எழுந்திருக்கவில்லை.

“இருங்க தம்பி. நீங்க சொன்னதை நான் திருப்பிச் சொல்றேன். சரியான்னு கேளுங்க.”

அவர் நின்று கேட்டார். ஒரு இடத்தில் திருத்தினார். இருமல் வந்தால் ஆறு வாரம் காத்திருக்க வேண்டாம் என்பதை நான் விட்டுவிட்டிருந்தேன்.

டாக்டரம்மாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். அவர் இருக்கும்வரை எனக்குப் பயம் போனதே இல்லை. அதைப் போகவைக்க அவர் முயன்றதும் இல்லை. எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்று கறுப்புத் துணிக்குள் கூப்பிட்டுக் காட்டினார். செவலை இப்போது என் காலடியில் தூங்குகிறான். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. அந்தப் பயம் வலது பக்கம், கீழே, மிளகு அளவில் இருக்கிறது.