சின்னமுத்து பேர் கூப்பிட்டார்

சின்னமுத்து மாமாவிடம் எதையும் நேராகக் கேட்டு வாங்கிவிட முடியாது. கேட்டால் சிறுத்தைக் கதையைத் தொடங்கிவிடுவார். ஹுன்னஸ்கிரியப் பக்கம் போன குறுக்குப் பாதையில் ஒரு சிறுத்தையை வெறுங்கையோடு விரட்டியடித்த கதை அது. சொல்லச் சொல்லச் சிறுத்தை வளர்ந்துகொண்டே போகும். மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாகச் சந்திரிகா போனில் பதிந்துகொண்டு போனது அந்தச் சிறுத்தையைத்தான்.

அவர் அவளுடைய அம்மாவின் அண்ணன். பன்விலவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, புல்லு வெட்டி, தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டி, அப்பாவுக்குப் பிறகு கொழுந்து பறிக்கும் பெண்களுக்குக் கங்காணியாகி, வயதான பிறகு கலகெதரயில் மகன் வீரையாவின் சில்லறைக் கடைக்குப் பின்வீட்டில் வந்து தங்கியவர். தங்கினாரே தவிர ஓயவில்லை. வீரையா அரிசி நிறுக்கும்போது தராசுக்குப் பக்கத்தில் வந்து நின்று முறைப்பார். கடைக்கு வருகிறவர்களை வரிசையில் நிற்கச் சொல்வார். வீரையா பல்லைக் கடித்துக்கொள்வான். வருகிறவர்களோ கிழவனைப் பார்க்கவென்றே இரண்டு தரம் வருவார்கள்.

சந்திரிகா கண்டியில் ஒரு புடவைக்கடையில் தலை நரைக்கும்வரை நின்று வேலை பார்த்தவள். அம்மா வீரம்மா காய்ச்சலில் போனபோது அவளுக்கு நடக்கத்தான் தெரியும். அப்பாவின் அக்காவான அத்தை வளர்த்தார், ஒரு குறையும் வைக்கவில்லை. அம்மா நல்ல உயரம், நெற்றியில் ஒரு தழும்பு, கோபம் வந்தால் சாப்பிடமாட்டாள் என்பதெல்லாம் அவர் சொல்லித்தான் தெரியும். படம் ஒன்றுகூட இல்லை. அதையும் அவள் பெரிதாக நினைத்ததில்லை. தோஹாவில் இருக்கிற மகள் போனில் பேசி அனுப்புவதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கத் தொடங்கிய பிறகுதான் அந்த ஏக்கம் பிடித்தது. அம்மாவின் குரல் எப்படி இருந்திருக்கும்? அத்தையும் போய்ச் சேர்ந்துவிட்டார். சொல்லக்கூடியவர் இனி மாமா ஒருவர்தான், அவருக்கும் வயது எண்பத்தைந்து.

அதனால் கேள்விகளை ஒழுங்காக யோசித்துக்கொண்டு போனாள். பிழையே அங்கேதான். எந்த வருஷம் கல்யாணம் நடந்தது என்று கேட்டால், வருஷமெல்லாம் துரைமார் வைத்திருந்தது, எங்களிடம் ஏது என்பார். அம்மாவின் குரல் எப்படி இருக்கும் என்று கேட்டால், குரல் மாதிரித்தான் இருக்கும் என்பார். உடனே சிறுத்தை வந்துவிடும். பஸ்ஸில் திரும்பும்போது பதிந்ததைப் போட்டுக் கேட்பாள். நடுநடுவே தன் கரகரத்த குரல் வந்தால் அவளுக்கே எரிச்சலாக இருக்கும். அந்த இடங்களைத் தள்ளிவிடுவாள்.

நாலாவது ஞாயிறு அவள் கேள்வி ஒன்றும் கொண்டுபோகவில்லை. தேநீர் குடித்துக்கொண்டே, இத்தனை வருஷம் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டீர்களே, இப்போது அந்தப் பேரெல்லாம் மறந்துபோயிருக்கும் என்று சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னாள்.

கிழவனுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்தார், துண்டைத் தலையில் கட்டிக்கொண்டார், முற்றத்தில் போய் நின்றார். விடிகாலையில் மலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களமும் இந்த முற்றம் மாதிரித்தான் இருக்குமாம். பேர் கூப்பிட்டால் குரல் கொடுக்க வேண்டும். மூன்று தரம் கூப்பிட்டும் குரல் வராவிட்டால் அன்றைக்குப் பேர் இல்லை, சம்பளமும் இல்லை. தங்கச்சியானாலும் சரி, அண்ணன் வீட்டு ஆளானாலும் சரி. இதைச் சொல்லிவிட்டுத் தொண்டையைச் செருமினார். சந்திரிகா சத்தம் போடாமல் பதிவதற்குப் போனை அமுக்கினாள்.

"இரத்தினம்மா!"

பக்கத்துக் கடை முஹைதீன் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். மாமா யாரையும் கவனிக்கவில்லை. ஒவ்வொரு பேருக்கும் ஒரு மூச்சு பொறுத்தார், கேட்டதுபோலத் தலையாட்டினார், மலையைச் சொன்னார். இரத்தினம்மா ஏழாம் நம்பர் மலை. பாலம்மாவுக்குக் காது மந்தம், அவளுக்குப் பதிலாகப் பக்கத்தில் நிற்கிறவள்தான் குரல் கொடுப்பாள். இன்னொருத்தி எப்போதும் பிந்தித்தான் வருவாள், படங்குச் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டே ஓடிவருவாள். நேராகக் கேட்டு வராத ஆட்களெல்லாம் வரிசையில் ஒவ்வொருத்தியாக வந்து நின்றார்கள்.

"வீரம்மா!"

மூச்சு பொறுத்தார். தலை ஆடவில்லை. கண் முற்றத்தின் ஓரத்தில் நின்றுவிட்டது.

"வீரம்மா!"

விளையாட்டாகத் தொடங்கியதுதான், சந்திரிகாவுக்குத் தெரியும். ஆனால் இந்த மனுஷன் பேர் வெட்டுகிற விஷயத்தில் விளையாடுகிற ஆளில்லை. இன்னும் ஒரு தரம் கூப்பிட்டால் அம்மாவுக்குப் பேர் இல்லை. கிழவர் மூன்றாம் தரத்துக்கு வாயைத் திறந்தார்.

"இருக்கேங்க," என்றாள் சந்திரிகா.

மாமா அசையவில்லை. துண்டின் நுனி மட்டும் காற்றில் ஆடியது. பிறகு மெதுவாகத் தலையாட்டினார்.

"எட்டாம் நம்பர் மலை," என்றார்.

அதன் பிறகு கடைசிப் பேர்வரை விடாமல் கூப்பிட்டு முடித்தார். துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து கதிரையில் உட்கார்ந்தார். ஆறிப்போன தேநீரை ஒரே மடக்கில் குடித்தார். முகத்தில் அப்படியொரு நிறைவு. நாள் வேலை முடிந்த ஆளைப் போல இருந்தார்.

"ஒங்கம்மா கொரலு எப்புடின்னு கேட்டுக்கிட்டே இருந்தியே புள்ள," என்றார். "எனக்கு அதெல்லாம் சொல்லத் தெரியாது. இப்ப அந்தப் போனுல போட்டுக் கேளு. அவதான்."

சந்திரிகாவுக்கு அழுகை பொங்கியது. சிரிப்பும் கூடவே வந்தது. சிறுத்தையைப் பற்றி இன்னொன்று சொல்ல மறந்துவிட்டதாக மாமா தொடங்கினார். அவள் முழுவதையும் கேட்டாள்.

திரும்பும்போது கலகெதரயிலிருந்து கண்டி பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் போனைக் காதில் வைத்துக்கொண்டாள். அந்தக் கரகரத்த குரல் வந்தது. இந்தத் தரம் அவள் தள்ளவில்லை.