பதினோராம் கேள்விக்கு இடி எழுதிய பதில்

பெயின்ட் டப்பாக்களுக்கு மூடி அடிக்கும் தொழிற்சாலையில், மூன்றாம் வரிசை பிரஸ்ஸில் இருபத்தாறு வருடம் நின்றவருக்கு ‘இடி’ என்று பெயர். பெயருக்கும் ஆளுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. ஒல்லியான மனிதர். அவர் பேசினால் அடுத்த நாற்காலிக்காரர் குனிந்துதான் கேட்க வேண்டும். கடல் கடந்த நாட்டில் எப்போதோ நான்கு பேர் சேர்ந்து தொடங்கிய ஒரு ஹெவி மெட்டல் குழுவின்மேல் அவருக்கிருந்த பித்துதான் அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தது.

அந்த இசைக்குப் பெயரே வைக்கப்படாத காலத்தில் அதை வாசித்தவர்கள் அந்த நால்வர். பதினேழு வயதில், நண்பனின் அண்ணன் வைத்திருந்த கேசட்டில் இடி அவர்களைக் கேட்டார். அன்றைக்குப் பிடித்தது. “பேய் பிடிச்சாலும் ஓட்ட ஆள் கிடைக்கும், இதுக்கு எங்க போறது?” என்பாள் அவர் மனைவி.

அந்தக் குழுவின் டிரம்மர் இறந்துபோன செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை தேநீர் இடைவேளையில் அவருடைய கைபேசிக்கு வந்தது. இடி அதை இரண்டு முறை படித்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டாம் வரிசைக்காரரிடம் சொன்னார்.

“டிரம்மர் போயிட்டாரு.”

“யாரு, எண்ணெய் டிரம் உருட்டுற பெரியவரா? காலையிலகூட தீப்பெட்டி கேட்டாரேய்யா!”

விளக்கப் போனால் டீ ஆறிவிடும். இடி டீயைக் குடித்து முடித்தார். வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார். “எத்தனை வயசு?” என்றாள். எழுபத்தாறு என்றார். “நல்லா வாழ்ந்துதான் போயிருக்காரு. கை கழுவிட்டு வாங்க, சாப்பாடு ஆறுது.”

நாற்பது வருடம் கூடவே இருந்த ஒருவர் செத்துப்போனதற்கு, ‘அடடா’ என்று சொல்லக்கூட இந்த ஊரில் ஆள் இல்லை. துக்கத்தை எச்சில்போல விழுங்கிக்கொண்டு ஒன்பது நாள் வேலைக்குப் போய்வந்தார்.

பத்தாம் நாள் தொழிற்சாலை வளாகத்துக்குள் காது பரிசோதனை வண்டி வந்தது.

அந்த வண்டி சும்மா வரவில்லை. சங்கச் செயலாளர், தொட்டதற்கெல்லாம் மனு எழுதுவதால் எல்லோருக்கும் ‘மனு அண்ணன்’, பத்து வருடம் எழுதி எழுதி வரவழைத்த வண்டி அது. பிரஸ் கூடத்தின் சத்தத்தால் காது கெட்டவர்களைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் பேக்கிங் கூடத்துக்கு மாற்ற வேண்டும் என்பது ஒப்பந்தம். பேக்கிங் கூடத்தில் அட்டைப்பெட்டி மடிக்கும் சத்தம்தான் பெரிய சத்தம். அங்கே சுவர்க் கடிகாரம் ஓடுவது கேட்கும் என்று சொல்வார்கள்.

இடிக்கு அந்த மாற்றம் உயிர் மூச்சுபோல வேண்டியிருந்தது. தன் காது போய்க்கொண்டிருப்பது அவருக்கு நான்கு வருடமாகத் தெரியும். வீட்டில் ஒரு நாள் குழுவின் முதல் ஆல்பத்தைப் போட்டபோது, டிரம்ஸோடு சேர்ந்த சிம்பல் தட்டின் ஓசையைக் காணவில்லை. கிடார் இருந்தது, பேஸ் இருந்தது. ஈயத் தட்டை ஈரத் துணியால் துடைத்ததுபோல ஓர் ஓசை வர வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. ஸ்பீக்கர் கெட்டுவிட்டது என்று புதிது வாங்கினார். புது ஸ்பீக்கரிலும் சிம்பல் இல்லை. அன்று சாயங்காலம் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். எஞ்சியிருக்கும் காதையாவது காப்பாற்றிக்கொண்டால் எஞ்சியிருக்கும் பாட்டையாவது கேட்கலாம். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

வண்டிக்குள் கண்ணாடி அறை இருந்தது. ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, ஓசை கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். பாதி நேரம் இடி சும்மா உட்கார்ந்திருந்தார். வெளியே வந்ததும் ஒரு படிவத்தையும் பேனாவையும் கொடுத்தார்கள். வயது, வேலை, காய்ச்சல், காதில் சீழ் என்று பத்துக் கேள்விகள். பதினோராவது இது: ‘ஓய்வு நேரத்தில் உரத்த ஓசை அல்லது இசையைக் கேட்பதுண்டா? உண்டெனில் விவரிக்கவும்.’

விவரிக்கவும்! நாற்பது வருடத்தில் அவரை இப்படிக் கேட்ட முதல் ஆள் அந்தக் காகிதம்தான்.

இடி எழுதினார். கொடுத்த இரண்டு வரி இடம் போதவில்லை. தனித்தாள் கேட்டு வாங்கி இரண்டு பக்கமும் எழுதினார். ‘மற்றவர்கள் ஓடிக்கொண்டே வாசித்த காலத்தில் இவர்கள் நால்வரும் நடந்து வாசித்தார்கள். முதல் ஆல்பத்தின் முதல் பாட்டில் மூன்றே சுரம். கடையடைப்பன்று ஒருவர் தெருவோடு நடந்து ஒவ்வொரு ஷட்டராக இழுத்து விடுவதுபோல இறங்கும். கிடாரின் தந்திகளைத் தளர்த்தி, சுருதியைக் கீழே கொண்டுபோனவர்கள் இவர்கள். பாடகருக்கு நல்ல குரல் கிடையாது. ஆனால் பொய் கிடையாது. டிரம்மர் அடிப்பதற்கு முன் ஒரு கணம் காத்திருப்பார். தகடு சரியாக உட்கார்ந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் பெடலை மிதிக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் இந்தத் தொழிற்சாலையில் யாருமில்லை, அவர்தான். அதனால்தான் என் பத்து விரலும் பத்திரமாக இருக்கின்றன. அவர் சென்ற வாரம் காலமானார். இந்த இசையை அடக்கி வைத்துக் கேட்பது அவர்களுக்குச் செய்யும் அவமரியாதை. நான் தினமும் சுவர் அதிர, ஜன்னல் கண்ணாடி நடுங்கக் கேட்பவன்.’

கையெழுத்துப் போட்டு, தனித்தாளைப் படிவத்தோடு குத்திக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். ஒன்பது நாளாக நெஞ்சில் இருந்த கல் இறங்கியதுபோல இருந்தது.

மூன்று வாரம் கழித்துக் கல் அவர் தலையிலேயே விழுந்தது. முடிவுக் கடிதத்தில் நான்கு வரிதான். செவித்திறன் இழப்பு உள்ளது. காரணம், பணியிடம் சாராத உரத்த இசை. ஊழியரே தம் கைப்பட உறுதி செய்துள்ளார். இடமாற்றம் பரிந்துரைக்கப்படவில்லை.

மனு அண்ணன் சங்க அறைக்குள் அவரை இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்.

“ஏம்ப்பா, கூடத்துல முப்பத்தோரு பேரு. முப்பது பேரு ‘இல்லை’ன்னு மூணு எழுத்து எழுதினான். அதுல ஒருத்தன் வீட்டுல ரெண்டு டிவி அலறும். அவனே ‘இல்லை’ன்னு எழுதியிருக்கான். உனக்கு மட்டும் என்னய்யா வந்துச்சு?”

“கேட்டாங்க அண்ணே.”

“கேட்டா? ‘விவரிக்கவும்’னா பரீட்சையா நடக்குது? நான் பத்து வருஷமா எழுதின மனு எல்லாம் சேர்த்தாலும் இந்த ரெண்டு பக்கம் மாதிரி வராது. இவ்வளவு நல்லா எழுதுவேன்னு தெரிஞ்சிருந்தா உன்னையே எழுதச் சொல்லியிருப்பேன்.” இடி எழுதிய தாளின் நகலை மேசைமேல் போட்டார். “சுவர் அதிர, கண்ணாடி நடுங்க. அதிருச்சா? நடுங்குச்சா? உண்மையச் சொல்லு.”

இடி அந்த நகலைக் குப்புறத் திருப்பி வைத்தார். உண்மை அவமானமாக இருந்தது.

அவர் வீட்டில் சுவர் ஒரு நாளும் அதிர்ந்ததில்லை. இரண்டு அறை வீடு, மாடியில் வீட்டுக்காரர். பெட்டியின் வால்யூம் குமிழில் ஒன்றிலிருந்து பத்து வரை எண்கள் உண்டு. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, ‘ரெண்டுக்கு மேல போகக் கூடாது’ என்று மனைவி ஒரு சட்டம் போட்டாள். மகள் வளர்ந்து, படித்து, கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய் ஆறு வருடம் ஆகிறது. சட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது. உலகத்தின் மிகக் கனமான இசையை இடி சாவித்துவாரத்தில் ஒட்டுக் கேட்பவர்போல ஸ்பீக்கரில் காதை வைத்துத்தான் கேட்டுவந்தார். நாளுக்கு நாற்பது நிமிடம். பிரஸ்ஸின் முன்னால் எட்டு மணி நேரம்.

“ரெண்டுலதான் வெப்பேன் அண்ணே,” என்றார் கடைசியில்.

“எதுல ரெண்டு?”

“பத்துல.”

 சிரிப்பதா அடிப்பதா என்று தெரியாமல் மனு அண்ணன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். “அப்ப இதை ஏன்யா எழுதின?”

“செத்துப்போனவரைப் பத்தி எழுதும்போது, ‘உங்க பாட்டை ரெண்டுல வெச்சுக் கேட்டேன்’னு எழுத முடியுமாண்ணே?”

மறுபரிசீலனைக்கு ஒரு மனு எழுதப்பட்டது. இந்த முறை வார்த்தைகள் மனு அண்ணனுடையவை. விஷயத்தைக் கேள்விப்பட்டதும் மனைவி தானும் ஒரு கடிதம் எழுதித் தருவதாகச் சொன்னாள். பேனாவைப் பல்லில் கடித்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்தாள். ‘என் கணவர் கேட்கும் பாட்டு எனக்குப் பிடிக்காது. எனவே ரெண்டுக்கு மேல் வைக்க நான் விட்டதே இல்லை. இது சத்தியம். அவர் காதைக் கெடுத்தது உங்கள் மிஷின்தான்.’ இடி அதைப் படித்தார். அவருக்காக அவள் எழுதிய முதல் கடிதம் அதுதான். சந்தோஷப்படுவதா வெட்கப்படுவதா என்று தெரியவில்லை.

விசாரணை மருத்துவப் பிரிவின் பின்னறையில் நடந்தது. டாக்டர் நல்ல மனிதர். பழைய தாளையும் புது மனுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். இடி அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“முதல்ல எழுதினது பொய்யா, இப்ப எழுதினது பொய்யா?”

“முதல்ல எழுதினது...” இடி வார்த்தையைத் தேடினார். “ஆசை, டாக்டர்.”

“ஆசைன்னு எழுத இந்தப் படிவத்துல கட்டம் இல்லையே.”

“என் வீட்டுக்கு வந்து பாருங்க. குமிழ்ல ரெண்டுகிட்ட மட்டும்தான் தேஞ்சிருக்கும்.”

டாக்டர் சிரிக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பாருங்க, அந்தக் கூடத்துல என்ன சத்தம்னு எனக்கும் தெரியும். ஆனா நான் அனுப்பறதைப் படிக்கிறவங்க அங்க வந்து நிக்க மாட்டாங்க. அவங்க பாக்கிறது காகிதம். யாரும் சொல்லாம நீங்களா எழுதினது முதல் காகிதம். ரெண்டாவதைச் சங்கம் சொல்லிக் குடுத்ததுன்னு ஒதுக்கிடுவாங்க. மனைவி சாட்சி செல்லாது. ரெண்டு வருஷம் கழிச்சு வண்டி மறுபடி வரும். அப்ப ‘இல்லை’ன்னு எழுதுங்க.”

“ரெண்டு வருஷத்துல மிச்சமும் போயிடுமே டாக்டர். அந்தப் பாட்டை அப்புறம் நான் எப்படிக் கேக்கிறது?”

“அதுக்குக் கவலைப்படாதீங்க,” என்றார் டாக்டர், ஆறுதல் சொல்லும் அக்கறையோடு. “இந்த மாதிரிக் காதுல மேல் சுருதிதான் முதல்ல போகும். கீழ் சுருதி கடைசி வரைக்கும் நிக்கும். நீங்களே எழுதியிருக்கீங்களே, தந்தியைத் தளர்த்திக் கீழ வாசிக்கிறவங்கன்னு. அவங்க உங்களை விட்டுப் போக மாட்டாங்க.”

“அப்ப எதெல்லாம் போகும்?”

“குருவிச் சத்தம், கடிகாரம்... பொம்பளைங்க பேச்சு, குழந்தைங்க பேச்சு.” தாள்களை அடுக்கிக் கோப்பில் வைத்தார். அடுத்த ஆளைக் கூப்பிட மணியை அழுத்தினார். இடிக்கு அந்த மணி கேட்கவில்லை. கதவு திறந்ததைப் பார்த்துத்தான் எழுந்தார்.

அந்த வாரக் கடைசியில் அவர் வீட்டில் இருந்தார். முதல் ஆல்பம் ஓடிக்கொண்டிருந்தது. டாக்டர் சொன்னது சரிதான். கிடார் அசையாமல் நின்றது. சமையலறை வாசலில் மனைவி வந்து நின்று ஏதோ சொன்னாள்.

“என்ன?”

உதடு அசைந்தது.

“என்ன சொன்ன?”

“ஒண்ணுமில்ல, விடுங்க.” இதை மட்டும் உரக்கச் சொன்னாள்.

இந்த ‘விடுங்க’ கொஞ்ச நாளாக அடிக்கடி வந்துகொண்டிருந்தது. தனக்குச் சொல்ல வேண்டியதில் பாதியை அவள் சொல்லாமலே விட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது இடிக்கு அப்போதுதான் உறைத்தது. பெட்டியை அணைத்துவிட்டு எழுந்து போய் அவள் முகத்துக்கு நேரே நின்றார்.

“சொல்லு. என்ன?”

“பாத்திரம் கழுவுற தொட்டிக்குக் கீழ குழாய் சொட்டுது. மூணு நாளா சொல்றேன். இந்தக் கூச்சல் மட்டும் கேக்குது, நான் பேசறது கேக்கல.”

 இடி ஸ்பேனரை எடுத்துக்கொண்டு தரையில் மல்லாந்து படுத்து, தொட்டிக்குக் கீழே இருந்த அலமாரிக்குள் தலையை நுழைத்தார். உள்ளே இருட்டு. கையால் தடவி நட்டைப் பிடித்தார். எங்கே சொட்டுகிறது என்று காது வைத்துப் பார்த்தார். சொட்டு விழ வைத்திருந்த வாளி கன்னத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஒரு சத்தமும் இல்லை.

நட்டை அரைச் சுற்று முடுக்கினார். “நின்னுச்சா?” என்று கத்தினார்.

பதில் இல்லை. இன்னும் கால் சுற்று. “இப்ப?”

பதில் இல்லை. எரிச்சல் வந்தது. இருபத்தாறு வருடத்து எரிச்சல் எல்லாம் மணிக்கட்டில் வந்து நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு சுற்று இழுத்தார். உள்ளங்கையில் நட்டு பிளப்பது தெரிந்தது. தண்ணீர் முகத்தில் பீச்சியடித்தது.

முழங்காலை யாரோ பிடித்து உலுக்கினார்கள். இருமிக்கொண்டே வெளியே வந்தார். மனைவி தண்ணீர் வால்வைத் திருகி மூடிக்கொண்டிருந்தாள். அவள் புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது.

“நின்னுடுச்சு, நின்னுடுச்சுன்னு நாலு தடவ சொன்னேனே!” என்றாள், அவர் முகத்தைப் பார்த்து, ஒவ்வொரு வார்த்தையாக.