பொய்லர் அலுமாரிக்குள் ஒளித்த வெள்ளை வைன்

லண்டன் மோர்டனில் இருபத்திரண்டு வருடமாகக் கடை வைத்து பியர், விஸ்கி, வைன் என்று எல்லாம் விற்றவன் நான். ஆனால் ஒரு துளி வாயில் வைத்ததில்லை. அதைப் பெருமையாக வேறு சொல்லித் திரிந்தேன். இப்போது நினைத்தால் என்னையே அறைய வேண்டும் போலிருக்கிறது.

மனைவிக்குக் கான்சர் மருந்து ஏற்றத் தொடங்கிய இரண்டாம் மாதம் நாக்கில் ருசி போய்விட்டது. சோறு, இடியப்பம், சூப், எதை வைத்தாலும் "இரும்பை நக்கினமாதிரிக் கிடக்கு" என்று தள்ளிவிடுவாள். உடம்பு இப்படியே இறங்கினால் அடுத்த மருந்தை ஏற்ற முடியாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் தனியே விடப் பயந்து, கடைக்குக் கூட்டிவந்து எனக்குப் பின்னால் கதிரை போட்டு இருத்தினேன்.

அப்படி ஒரு நாள், கென்ட் பக்கம் சின்னத் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் வெள்ளைக்காரர் ஒருவர் தன்னுடைய வைனை விற்றுத் தரும்படி கேட்டு வந்தார். சுண்ணாம்பு மண் சரிவாம், குளிர் இடமாம், பழம் ஆறுதலாக, மெல்ல மெல்லப் பழுப்பதால் புளிப்பு அப்படியே நிற்குமாம். இந்த நாட்டு வெயிலை நம்பி ஒருவன் திராட்சை நட்டிருக்கிறானே என்று மனதுக்குள் சிரித்தேன். அவர் ஒரு போத்தலைத் திறந்து கொஞ்சம் ஊற்றி நீட்டினார். நான் வேண்டாமென்று கையை ஆட்டினேன். பின்னாலிருந்து மனைவி, "இஞ்சருங்கோ, நெல்லிக்காய் மணக்குது. எனக்கு ஒருக்கால் தாங்கோ" என்றாள்.

வெள்ளிக்கிழமை விரதம் தவறாதவள் அவள். ஆஸ்பத்திரி நேர்ஸுக்குப் போன் எடுத்துக் கேட்டேன். ஒரு வாய் என்றால் பரவாயில்லை என்றார். குடித்துவிட்டு, "ஓம், புளிக்குது" என்றாள். அன்றைக்குச் சொதி விட்டு ஐந்து வாய் சோறு சாப்பிட்டாள். நான் குசினிக்குள் நின்று அழுதேன்.

அவர் விட்டுப்போன ஆறு போத்தலையும் நான் விற்கவில்லை. சாப்பாட்டுக்கு முன் ஒரு வாய் என்று அவளுக்கே கொடுத்தேன். கடைசிப் போத்தல் பாதியானபோது அவருக்குப் போன் எடுத்தேன். வசந்தத்தில் விழுந்த உறைபனி தளிரையெல்லாம் கருக்கிவிட்டது, பழைய இருப்பும் முடிந்துவிட்டது என்றார். வேறு வெள்ளை வைன்களைக் கொடுத்துப் பார்த்தேன். எல்லாமே அவளுக்கு இரும்பாகத்தான் இருந்தது.

அந்த நேரம் பார்த்து அவளுடைய அக்கா ரெய்னர்ஸ் லேனிலிருந்து பத்து நாள் நின்று பார்க்க வந்தார். வாசல் மணி அடித்ததும் எனக்குப் பிரிட்ஜுக்குள் இருந்த போத்தல்தான் ஞாபகம் வந்தது. "கிடக்கட்டும், அக்கா பாத்தால் பாக்கட்டும்" என்றாள் மனைவி. நான் கேட்கவில்லை. வருத்தக்காரிக்குக் குடி பழக்கியவன் என்று சனம் கதைக்குமே என்று பயம். வீட்டைச் சூடாக்கும் பொய்லர் இருக்கும் அலுமாரிக்குள், துவாய்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அக்கா அவளை விட்டு அசையவேயில்லை. அந்தப் பத்து நாளும் தண்ணீரும் பாலும்தான் இறங்கியது.

அக்கா புறப்பட்டுப் போனதும், "இப்ப கொண்டு வாங்கோ" என்றாள். ஐஸ் போட்டுக் கொடுத்தேன். வாயில் வைத்த உடனே துப்பினாள். இன்னொரு தரம் முயன்று பார்த்தாள். பிறகு கோப்பையை என் கையில் தந்து, "இதுவும் போச்சு. என்ரை நாக்கு முழுசாச் செத்திட்டுது. இனிச் சாப்பிடச் சொல்லி என்னை வில்லங்கப்படுத்தாதேங்கோ" என்றாள்.

குசினிக்குப் போய் மிச்சத்தை நான் குடித்தேன். காடியாகப் புளித்து, வெறும் வினாகிரி. திறந்த போத்தலைச் சூட்டில் வைத்தால் கெட்டுப்போகும் என்று ஒரு கடைக்காரனுக்குத் தெரியாதா? அவளுடைய நாக்கில் ஒரு பிழையும் இல்லை. அதைப் போய்ச் சொல்ல அறை வாசல் வரைக்கும் வந்தேன். சொன்னால் எங்கே வைத்தேன், ஏன் வைத்தேன் என்றெல்லாம் சொல்ல வேண்டும். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். போர்வையை இழுத்து மூடிவிட்டு, "ஓம், இனி வில்லங்கப்படுத்த மாட்டன்" என்றேன்.