மாசானம் பூசாத நீலம்

முத்தையாபுரத்தில் பெயிண்டர் மாசானத்துக்குச் சொத்து என்று இருந்தது பெயர் ஒன்றுதான். அவன் பூசினால் உப்புக்காற்றிலும் அஞ்சு வருஷம் அசையாது என்று ஊர் சொல்லும். ஊர் சொல்ல மறந்தால் அவனே சொல்லுவான்.

எழுபத்தாறாம் வருஷம் பங்குனியில் ஊர் நலச் சங்கம் கடற்கரையில் ஒரு மர மண்டபமும் நான்கு பெஞ்சும் போட்டது. கரையானுக்குப் பயந்து, மருந்தை அழுத்தி உள்ளே ஏற்றிய மரத்தை வரவழைத்திருந்தார் தலைவர் ஆறுமுகநயினார். லேசாகப் பச்சை பாரித்திருந்த அந்த மரம், குளித்துவிட்டுத் துவட்டாமல் வந்த பிள்ளைபோல ஈரமாக இருந்தது.

மாசானம் பலகைமேல் தண்ணீர் தெளித்தான். சொட்டுகள் உள்ளே இறங்காமல் அப்படியே நின்றன.

"அண்ணாச்சி, மரம் தண்ணியே குடிக்க மாட்டேங்கு. பெயிண்டை எங்க குடிக்கப் போவுது? ஒரு மாசம் காயட்டும். பொறவு உப்புத்தாள் போட்டு, பிரைமர் அடிச்சு..."

"ஏலே, ஞாயித்துக்கெழம திறப்பு விழா. மதுரையிலேருந்து பெரிய ஆபீசர் வாராரு. மரம் காயட்டும்னு அவரு நிப்பாராலே?"

"அப்பம் பூசாமலே திறங்க."

"நோட்டீசுல நீல மண்டபம்னு போட்டாச்சுலே!"

மாசானம் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டான். கைக்கு வந்த வேலையை விட்டது வலித்தது. ஆனாலும் பெயரைக் காப்பாற்றிவிட்டோம் என்று நெஞ்சு நிமிர்ந்தது. கடைப்பலகை எழுதும் வீரபாகு, ஒரே நாளில் நீல எனாமல் பெயிண்டை இழுகித் தள்ளினான்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் கொளுத்தியது. மரத்துக்குள் இருந்த ஈரம் வெளியே வர வழி தேடி, பெயிண்டைக் கொப்புளம் கொப்புளமாகக் கிளப்பியிருந்தது. ஆபீசர் கல்வெட்டைத் திறந்துவைத்துவிட்டு, தலைவரின் முக்கால் மணி நேரப் பேச்சைக் கேட்கப் பெஞ்சில் உட்கார்ந்தார். எழுந்தபோது அவருடைய வெள்ளை பேண்டோடு ஒரு முழம் நீலமும் எழுந்து வந்தது.

பின்வரிசையில் மாசானம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். சங்கத்துக் கல்வெட்டில் கொத்தனார் முதல் மைக்செட்காரர் வரை ஒரு பெயரும் விட்டுப்போகாது. ஆபீசர் கோபத்தோடு அதன் கடைசி வரியை உரக்கப் படித்தார்.

"வர்ணம், மாசானம். யாருய்யா அவன்?"

ஊரே திரும்பிப் பார்த்தது. மாசானம் வாயைப் பொத்திய கையை எடுத்தான்.

"நான் பூசல சார்!"

"கல்லுல இருக்கேய்யா!"

ஆறுமுகநயினார் அவன் காதோரம் குனிந்தார். "கல்லு போன மாசமே வெட்டியாச்சுலே. அழிக்கவா முடியும்?"

மறுநாளே மாசானம் கூலி பேசாமல் வந்து வீரபாகுவின் பெயிண்டைச் சுரண்டத் தொடங்கினான். அவமானம் பிடுங்கித் தின்றது. தினமும் தண்ணீர் தெளித்துப் பார்த்தான். வைகாசியில்தான் மரம் தண்ணீரைக் குடித்தது. அதன்பிறகு உப்புத்தாள், பிரைமர், இரண்டு கோட்டு நீலம்.

தலைவர் வந்து பெஞ்சைத் தடவிப் பார்த்தார்.

"நல்லாத்தானலே இருக்கு. இதை அன்னைக்கே செஞ்சிருந்தா இம்புட்டுக் கரைச்சல் உண்டா?"