ஐந்தாம் அமர்வு, கலவை அறை வாசலில்

திருத்தங்கலில் எங்கள் வீட்டு மாடியில் நான் யோகா கற்பிக்கத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. வகுப்பு முடிந்த பிறகும் சிலர் பாயைச் சுருட்டாமல் உட்கார்ந்து, வீட்டுக் கவலை, தொழில் கவலை என்று என்னிடம் பேசிக்கொண்டிருப்பார்கள். அதைக் கவனித்த என் மருமகள் ஒருநாள், "மாமா, இதத்தான் கோச்சிங்னு எல்லாரும் தனியா நடத்துறாக. நாமளும் ஆறு அமர்வுன்னு வச்சுருவோம்" என்றாள்.

"எந்தப் பரீட்சைக்குன்னு கேப்பாகளேம்மா?"

"கேட்டா, வாழ்க்கப் பரீட்சைக்குன்னு சொல்லுங்க."

மறுவாரமே அச்சடித்த அட்டை ஒன்று படிக்கட்டுச் சுவரில் ஏறியது. பயமும் பதற்றமும் நீங்கத் தனிப்பயிற்சி என்பது அதன் முதல் வரி. இங்கே பேசுவது வெளியே போகாது என்பது கடைசி வரி. கடைசி வரி நான் சேர்க்கச் சொன்னது.

முதல் ஆளை அழைத்து வந்தவர், முதுகு வலிக்காக என் காலை வகுப்புக்கு வரும் பட்டாசுக் கம்பெனி முதலாளி. உடன் வந்தவர் அவருடைய கம்பெனியில் வெடிமருந்து கலப்பவர், நாற்பதைக் கடந்தவர்.

"பக்கத்துக் கம்பெனில வெடிச்சதுல இருந்து, கலவ ரூம் வாசல்லயே நின்னுருதான் ஐயா. சீசன் நேரம், ஆர்டர் குவிஞ்சு கெடக்கு. அவன் பயத்த மட்டும் எடுத்து விட்டுருங்க" என்ற முதலாளி, அவர் பக்கம் திரும்பினார். "ஏலே, புலி மாதிரி இருந்தவன் இப்பிடிப் பூனையாயிட்டயே!"

"பூனைக்கும் மோப்பம் இருக்கும்லா மொதலாளி" என்றார் அவர், தலை நிமிராமல். அதை நான் வேடிக்கைப் பேச்சு என்றே எண்ணினேன்.

மூன்று அமர்வுகள் நடந்தன. பாசுரத்தின் ஓரடிக்கு மூச்சை உள்ளே இழுத்து, ஈரடிக்கு வெளியே விடப் பழக்கினேன். பெருமாள் படத்தின் உயர்ந்த வலக்கையைக் காட்டி, அந்தக் கை 'அஞ்சேல்' என்று சொல்வதாக விளக்கினேன். அவர் மூச்சு நீண்டது, தோள் தளர்ந்தது. மூன்றாம் நாள் முதலாளி தொலைபேசியில் அழைத்து, அரை மணி நேரம் உள்ளே நின்றுவிட்டான் என்று மகிழ்ந்தார். நானும் பெருமைப்பட்டேன். அதை மறைப்பதற்கில்லை.

நான்காம் அமர்வில், கண்களை மூடிக்கொண்டு அறைக்குள் நடந்து செல்வதை அப்படியே சொல்லுமாறு கேட்டேன். வாசலில் செருப்பைக் கழற்றுவதைச் சொன்னார். உடம்பில் தங்கிய மின்சாரம் தரையில் இறங்குவதற்காகச் செப்புத் தகட்டில் உள்ளங்கைகளை அழுத்துவதைச் சொன்னார். அங்கே மூச்சு நின்றது.

"உள்ள என்ன தெரியுது?"

"நாலு பேரு ஐயா. ரெண்டு பேருக்கு மேல நிக்கக் கூடாதுன்னு செவத்துலயே எழுதிருக்கு. நேத்துக் கலந்த மருந்து வேற மூலைல மூடிக் கெடக்கு. அது அன்னன்னிக்கே தீரணும், ராத்தங்குனா தானாவே பத்திக்கிரும்."

"இத ஏன் மொதல்லயே சொல்லல?"

"நீங்க பயத்தப் பத்தித்தான கேட்டீக? ரூமப் பத்திக் கேக்கலையே."

வாசலில் நின்றுவிட்ட அவருடைய கால்களே அவர் உயிரைக் காத்து வந்திருக்கின்றன. அவற்றை நடக்க வைத்தது நான்.

"மொதலாளிகிட்டச் சொல்லிராதீக. என்னைய நிறுத்திருவாக" என்று எழுந்தார். "நாளைக்கு முழு நாளும் நிக்கேன்னு ஒத்துக்கிட்டேன். ஒங்க மூச்சு இருக்குல்ல."

மாலை விளக்கேற்றியபோது பாசுரம் நாவில் வரவில்லை. முதலை பிடித்த யானையின் கூக்குரலைக் கேட்ட பெருமாள் இருந்த இடத்திலிருந்து மூச்சுப் பயிற்சி சொல்லவில்லை, மடுக்கரைக்கே வந்தான். 'அஞ்சேல்' என்பது அருகில் வந்து நிற்பவனுக்கே உரிய சொல். நானோ அதை மாடியில் இருந்தபடி சொன்னேன்.

விடிந்ததும் முதலாளியை அழைத்து, ஐந்தாம் அமர்வை அறை வாசலிலேயே நடத்த வேண்டும் என்றேன். "வெளியாள அங்கன விடுறதில்லையே ஐயா" என்று தயங்கினார். அப்படியானால் அவருடைய ஆள் இன்று உள்ளே போவதற்கு நான் பொறுப்பல்ல என்றேன். ஒப்புக்கொண்டார். மருமகள் தன் ஸ்கூட்டரில் அழைத்துச் சென்று, கம்பெனி வாயிலில் என்னை இறக்கிவிட்டாள்.

கலவை அறையின் கதவு திறந்திருந்தது. உள்ளே மூன்று பேர் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். மருந்து கலப்பவர் வெறுங்காலுடன் வாசலில் நின்றார். மூச்சு சீராக இருந்தது. அந்தச் சீர்தான் என்னை அச்சுறுத்தியது. நான் செருப்பைக் கழற்றினேன். செப்புத் தகட்டில் கைகளை அழுத்தினேன். பிறகு முதலாளியைப் பார்த்தேன்.

"இவரோட நாம ரெண்டு பேரும் உள்ள போயி, பத்து மூச்சு நிப்போம். வாங்க."

முதலாளி அசையவில்லை.

"உள்ள ஏற்கனவே ஆளு இருக்காகளே ஐயா."

"எத்தன பேரு?"

முதலாளியின் கண்கள் சுவரில் எழுதியிருந்ததற்குப் போயின, உள்ளே போயின, திரும்பவும் சுவருக்கு வந்தன. அவர் வந்திருந்தால் நானும் உள்ளே போயிருப்பேனா? போயிருப்பேன் என்றே நம்புகிறேன். உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

"ஏலே, ரெண்டு பேரு வெளிய வாங்கலே" என்றார் கடைசியில், தாழ்ந்த குரலில்.

அப்போது என் அருகில் நின்றவர் மூச்சை நிதானமாக உள்ளே இழுத்தார். "மொதலாளி, மூலைல நேத்து மருந்தும் இருக்கு. அத மொதல்ல அப்புறப்படுத்தணும்" என்றார். மூன்று அமர்வுகளில் நான் கற்றுக்கொடுத்த மூச்சு, அந்த ஒரு வாக்கியத்துக்குச் சரியாக இருந்தது.

முதலாளி அதன்பின் முதுகு வலிக்கு என்னிடம் வருவதில்லை. அட்டையின் முதல் வரியை மருமகள் காகிதம் ஒட்டி மறைத்துவிட்டாள். ஆறாம் அமர்வுக்கு மருந்து கலப்பவர் வேலை முடிந்து நேரே வந்தார். பாயில் உட்காரும் முன்பே கேட்டுவிட்டேன்.

"உள்ள எத்தன பேரு?"

"ரெண்டு பேரு ஐயா" என்றார். பாயில் உட்கார்ந்ததும், "இன்னைக்கு ரெண்டு பேரு" என்றார்.